கலங்கல் இல்லாத ஏரி



வில்லியனூர், பாகூர் வட்டாரங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஏரியைப் பற்றி நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. தென்பெண்ணை ஆற்று நீர் பங்காரு வாய்க்கால் வழியே வந்து பாகூர் ஏரியை நிரப்புவதையும், அந்த நீர் வயல்களைப் பசுமையாக்குவதையும் கண்டவர்கள் நீங்கள். ஓர் ஏரி ஏரியாக விளங்க மூன்று உறுப்புகள் வேண்டும். நீர் வந்து சேர வரத்து வாய்க்கால் வேண்டும். சேர்ந்த நீரை வயலுக்கு அளந்துவிட மதகு வேண்டும். அளவுக்கு மிஞ்சிய நீர் தானே வழிந்தோடக் கலங்கல் வேண்டும். வாய்க்கால் தூர்ந்தால் ஏரி வறளும்; மதகு பழுதானால் பயிர் வாடும்; கலங்கல் அடைபட்டாலோ கரையே உடைந்துவிடும். ஏரி உடைவது மழையின் குற்றம் அன்று. மிஞ்சிய நீருக்கு வழி இல்லாமற் போனதே குற்றம்.

தமிழில் கலங்கல் என்னும் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. தெளிவிழந்த நிலைக்கும் கலங்கல் என்றே பெயர். நீர் கலங்குவதும் கலங்கல். நீர் வழியும் வாயிலும் கலங்கல். மனத்தைப் பற்றிப் பேச வந்த எனக்கு இந்த ஒரு சொல்லே போதும் என்று தோன்றுகிறது. கலங்காத மனம் உலகில் இல்லை. கலங்கிய மனத்துக்கு ஒரு கலங்கல் வேண்டும். நான் இன்று சொல்ல விரும்புவது இதுதான்.

கரிக்கலாம்பாக்கத்திலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் மக்களின் மனக்குறைகளைக் கேட்பதையே தொழிலாகக் கொண்டவன் நான். உளநல ஆலோசகன் என்று என்னை அழைக்கிறார்கள். நான் இங்கே எடுத்துக்காட்டும் மனிதர்களின் ஊரையும் அடையாளத்தையும் மாற்றியே சொல்கிறேன். கேட்டதைக் காப்பது எங்கள் தொழிலின் முதல் அறம்.

முதலில் ஒரு தவறான கருத்தை விலக்கிவிடுவோம். மனநலம் என்றால் எப்போதும் மகிழ்ச்சியாக இருப்பது என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படி ஒருவரும் இருந்ததில்லை, இருக்கவும் வேண்டியதில்லை. தாயை இழந்தவன் அழுவது நோய் அன்று; அழாமல் இருப்பதே கவலைக்கு உரியது. தேர்வுக்கு முன் சிறிது அஞ்சுவது குறை அன்று. அந்த அச்சமே புத்தகத்தை எடுக்கச் செய்கிறது. 1948-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் அமைப்புச் சட்டம், உடல், மனம், சமுதாய வாழ்வு ஆகிய மூன்றும் நன்றாக இருப்பதையே நலம் என்று வரையறுத்தது. நோய் இல்லாமை மட்டும் நலம் ஆகாது என்றும் அது கூறியது. ஆகவே துன்பம் வந்தபோதும் அன்றாடக் கடமையைச் செய்யவும், பிறரோடு கலந்து பழகவும், மீண்டும் நிமிரவும் முடிகிற ஆற்றலே மனநலம் எனலாம்.

இந்த ஆற்றல் குறையும்போது என்ன நிகழ்கிறது? நம் நாட்டுப்புறத்தில் மனத்துன்பம் பெரும்பாலும் தன் சொந்தப் பெயரோடு வருவதில்லை. உடல்நோயின் சட்டையை அணிந்துகொண்டு வருகிறது.

நடவு வேலைக்குச் செல்லும் ஒரு தாய் என்னிடம் அனுப்பப்பட்டார். வயது ஐம்பதுக்கு மேல். “தம்பி, தலையில் கல்லை ஏற்றி வைத்ததுபோல் இருக்கிறது, நெஞ்சு படபட என்று அடித்துக்கொள்கிறது, சோறு இறங்கவில்லை” என்றார். இரத்தம் பார்த்தாயிற்று, இதயத்தின் ஓட்டத்தைப் படம் எடுத்தாயிற்று, ஒன்றிலும் குறை தென்படவில்லை. “ஒன்றும் இல்லை என்கிறார்கள், அப்படியென்றால் நான் பொய் சொல்கிறேனா?” என்று அவர் கேட்டார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் வலி மெய்யான வலி. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். மூத்த மகன் மனைவியோடு தனிக்குடித்தனம் போய் ஓராண்டு ஆகிறது, தீபாவளிக்குக்கூட வரவில்லை. அதைச் சொல்லும்போதுதான் முதன்முறையாக அவர் கண் கலங்கியது. “இதை யாரிடமாவது சொன்னீர்களா அம்மா?” என்றேன். “பெற்ற பிள்ளையைப் பற்றி ஊரில் போய்ச் சொல்வதா?” என்றார். வாய் சொல்ல மறுத்ததை நெஞ்சும் தலையும் வயிறும் சொல்லிக்கொண்டிருந்தன.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. ஆபத்து வரும்போது உடலைக் காக்க இயற்கை ஓர் ஏற்பாடு செய்திருக்கிறது. பாம்பைக் கண்டால் மூளை உடனே கட்டளை இடுகிறது. அட்ரினலின், கார்டிசால் முதலிய சுரப்புகள் இரத்தத்தில் பெருகுகின்றன. இதயம் விரைந்து துடிக்கிறது, தசைகள் இறுகுகின்றன, செரிமானம் தாமதப்படுகிறது. ஓடவோ எதிர்க்கவோ உடல் ஆயத்தம் ஆகிறது. பாம்பு போய்விட்டால் எல்லாம் அடங்கிவிடும். ஆனால் மனக்கவலை என்னும் பாம்பு போவதில்லை. படுக்கையிலும் உடன் வருகிறது. உடலோ அது மெய்ப்பாம்பா, நினைவுப்பாம்பா என்று பிரித்தறிவதில்லை. நாள்தோறும் ஆயத்தமாகவே நிற்கிறது. இறுகிய தசை தலைவலியாகிறது. தாமதப்பட்ட செரிமானம் பசியின்மையாகிறது. விரைந்த இதயம் படபடப்பாகிறது. அந்தத் தாயிடம் இதை விளக்கிச் சொன்னபோது, “அப்படியானால் எனக்கு நெஞ்சில் நோய் இல்லை, மனத்தில் பாரம் இருக்கிறது” என்று அவரே கூறினார். பாரத்துக்குப் பெயர் கிடைத்த அன்றே அது பாதி குறைந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எங்கே தேடுவது என்பது அன்று தெரிந்துவிட்டது.

மாணவ நண்பர்களே, உங்கள் வயதினர் ஒருவரின் கதையையும் கேளுங்கள். பதினோராம் வகுப்பில் படிக்கும் ஒரு பையன். திங்கட்கிழமை காலை தோறும் அவனுக்கு வயிற்றுவலி வரும். பள்ளிக்குப் போக வேண்டாம் என்று அவன் தந்தை சொன்னால் பத்து மணிக்குள் வலி நின்றுவிடும். பையன் நடிக்கிறான் என்று தந்தை முடிவு கட்டினார். அவன் நடிக்கவில்லை. பத்தாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்துவிட்டு ஆங்கிலவழி வகுப்பில் சேர்ந்தவன் அவன். ஆசிரியர் கேள்வி கேட்டால் எழுந்து நின்று தடுமாறுவோமே, மற்றவர்கள் சிரிப்பார்களே என்பதுதான் அவன் அச்சம். பள்ளிக்குப் போகாத நாளில் அச்சம் தணிந்தது. ஆனால் அடுத்த நாள் அது ஒரு சாண் வளர்ந்து நின்றது. அச்சத்தின் இயல்பே அப்படித்தான். அதைக் கண்டு ஒதுங்க ஒதுங்க அதற்குத் தீனி போடுகிறோம். சிறுகச் சிறுக எதிர்கொண்டால் அது மெலிகிறது. முதல் வாரம் வகுப்பில் உட்கார்ந்திருப்பது மட்டும். இரண்டாம் வாரம் ஆசிரியரைத் தனியே சந்தித்து ஓர் ஐயம் கேட்பது. மூன்றாம் வாரம் வகுப்பில் ஒரே ஒரு விடை சொல்வது. இப்படிப் படி அமைத்துக் கொடுத்தோம். அரையாண்டுத் தேர்வு வருவதற்குள் திங்கட்கிழமை மற்ற நாள்களைப் போல் ஆயிற்று.

மூன்றாவதாக ஒரு பெரியவர். புதுச்சேரிப் பஞ்சாலை ஒன்றில் நெடுங்காலம் உழைத்தவர். ஆலை நின்றபின் வீட்டில் இருந்தார். குடும்பத்தைப் பிள்ளைகள் காப்பாற்றினார்கள், சோற்றுக்குக் குறைவில்லை. ஆயினும் அவருக்குத் தூக்கம் இல்லை. யாரோடும் பேச்சு இல்லை. எதைப் பார்த்தாலும் சினம். அவர் இழந்தது சம்பளத்தை மட்டும் அன்று. அதிகாலையில் எழுந்து, மிதிவண்டி மிதித்து, நண்பர்களோடு தேநீர் அருந்தி, களைத்து வந்து உறங்கிய ஒரு நாளின் வடிவத்தையே இழந்திருந்தார். மனம் நாளின் வடிவத்தில் தங்கி வாழ்வது. எழும் நேரமும், வெயிலில் நடக்கும் நேரமும், ஒருவருக்குப் பயன்படும் நேரமும் குறித்து வைத்துக்கொண்டால் உறக்கம் தானே திரும்புகிறது. மனம் சரியானபின் வேலை செய்யலாம் என்று காத்திருப்பது வண்டியை மாட்டுக்கு முன் கட்டுவது போன்றது. சிறு வேலையைத் தொடங்கினால் மனம் பின்னாலே வரும். பேரனைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பை அவர் ஏற்றார். அந்தச் சிறு பொறுப்பு அவருடைய காலைப்பொழுதை அவருக்கு மீட்டுத் தந்தது.

இம்மூவரையும் ஒருங்கே நோக்குங்கள். வயது வேறு, துன்பம் வேறு. ஆனால் மூவருக்கும் பொதுவான ஒன்று உண்டு. என்ன வருத்துகிறது என்பதை மூவரும் ஒருவரிடமும் சொல்லவில்லை. தாய் மானத்துக்கு அஞ்சினார்; பையன் கேலிக்கு அஞ்சினான்; பெரியவர் தம் பிள்ளைகளுக்குப் பாரமாவோம் என்று அஞ்சினார். கலங்கல் மூன்று இடத்திலும் அடைபட்டிருந்தது.

சொல்வதால் என்ன ஆகிவிடும் என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்விதான். சொன்னால் போன மகன் திரும்பி வருவதில்லை. மூடிய ஆலை திறப்பதில்லை. ஆனால் சொல் என்பது வெறும் காற்று அன்று என்பதை ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. அமெரிக்க உளவியல் அறிஞர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-இல் ஒரு சோதனையை வெளியிட்டார். கல்லூரி மாணவர்கள் சிலரை, தங்கள் வாழ்வில் மிகவும் துன்புறுத்திய நிகழ்ச்சியைப் பற்றி நாளொன்றுக்கு 15 நிமிடம் வீதம் 4 நாள் எழுதச் சொன்னார். வேறு சிலரை அற்பமான செய்திகளைப் பற்றி எழுதச் சொன்னார். துன்பத்தை எழுதியவர்கள் எழுதிய அன்று வருந்தினார்கள். ஆயினும் நிகழ்ச்சியையும் அதனால் எழுந்த உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்து வந்த மாதங்களில் மருத்துவரைத் தேடிச் சென்றது குறைவாக இருந்தது. 2007-இல் மாத்யூ லீபர்மன் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் மூளையைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். தாம் காணும் உணர்ச்சிக்கு இது சினம், இது அச்சம் என்று பெயர் சூட்டும்போது, அச்சத்தை எழுப்பும் அமிக்டலா என்னும் பகுதியின் கொதிப்பு தணிவதைக் கண்டார்கள். ஆகவே ‘மனசு சரியில்லை’ என்பதோடு நின்றுவிடாதீர்கள். சினமா, நாணமா, பொறாமையா, தனிமையா என்று ஒரு படி மேலே சென்று பெயர் சொல்லுங்கள். தமிழில் அதற்குச் சொற்பஞ்சம் இல்லை.

யாரிடம் சொல்வது? இதுதான் அடுத்த வினா. எல்லாரிடமும் எல்லாவற்றையும் சொல்வது கலங்கல் அன்று. அது கரையில் உடைப்பு எடுப்பது. வள்ளுவர் நட்பைப் பற்றி ஓர் அதிகாரத்தோடு அமையவில்லை. நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு என்று ஐந்து அதிகாரங்கள் எழுதினார். நட்பைப் போற்றியவர் ஆராய்ந்து நட்கவும் சொன்னார் என்பதைக் கருதுங்கள். கேட்டதை ஊருக்குச் சொல்லாதவர், கேட்டு நகையாதவர், கேட்கும்போது கைப்பேசியைப் பாராதவர் ஒருவர் இருந்தாலும் போதும். அவர் பாட்டியாக இருக்கலாம், அத்தையாக இருக்கலாம், கணக்கு ஆசிரியராக இருக்கலாம், பக்கத்து இருக்கை நண்பனாக இருக்கலாம்.

பாட்டி என்றதும் ஆப்பிரிக்க நாடு ஒன்றின் செய்தி நினைவுக்கு வருகிறது. சிம்பாப்வே நாட்டில் மனமருத்துவர்கள் மிகச் சிலரே. அவர்களுள் ஒருவர் டிக்சன் சிபாண்டா. அவரிடம் சிகிச்சை பெற்ற ஓர் இளம்பெண், மருத்துவமனைக்கு மீண்டும் வரப் பேருந்துக் கட்டணம் இல்லாமையால் வராதிருந்து, தன் உயிரையே போக்கிக்கொண்டாள். நோயாளி மருத்துவமனைக்கு வர இயலாவிட்டால், உதவி நோயாளியின் தெருவுக்குப் போகவேண்டும் என்று அவர் எண்ணினார். 2006-இல் அராரே நகரின் ம்பாரே பகுதியில், 14 பாட்டிமார்களுக்குப் பயிற்சி அளித்தார். மருத்துவ நிலையத்தின் வெளியே ஒரு மரப்பலகை, அதில் ஒரு பாட்டி, பக்கத்தில் துன்பப்படுபவர். அவ்வளவுதான். அதற்கு நட்புப் பலகை என்று பெயர். 2016-இல் வெளிவந்த ஆய்வு முடிவு, அப்பலகையில் அமர்ந்தவர்களின் மனச்சோர்வு ஆறு மாதத்துக்குப் பின் மற்றவர்களைவிடக் குறைந்திருந்ததை மெய்ப்பித்தது. அந்நாட்டு மக்கள் மனச்சோர்வை ‘குஃபுங்கிசிசா’ என்கிறார்கள். அளவுக்கு மீறி நினைப்பது என்பது அதன் பொருள். நம் ஊரில் ‘எப்போதும் ஒரே யோசனையாக இருக்கிறது’ என்று சொல்வதும் அதுவே அன்றோ? நம் வீடுகளிலும் ஒருகாலத்தில் திண்ணை இருந்தது. வழிப்போக்கரும் அயலாரும் அமர்ந்து பேசிய அப்பலகை வீட்டோடு சேர்ந்தே கட்டப்பட்டது. இன்று புதிய வீடுகளில் திண்ணை இல்லை. திண்ணையைத் திரும்பக் கட்ட முடியாவிட்டாலும், அதில் நிகழ்ந்த பேச்சை மீண்டும் தொடங்கலாம்.

கேட்பவருக்கும் சில சொற்கள். உங்களிடம் ஒருவர் மனம் திறந்தால் அவசரப்பட்டு அறிவுரை கூறாதீர்கள். ‘இதற்கெல்லாமா அழுவது?’ என்னாதீர்கள். ‘என் கதையைக் கேள்’ என்று உங்கள் கதையைத் தொடங்காதீர்கள். ‘எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது? இதில் உனக்கு மிகவும் கடினமாக இருப்பது எது?’ என்று கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். உங்கள் அமைதியில் அவர் தம் வழியைக் கண்டுகொள்வார்.

எனினும் நட்பால் மட்டும் தீராத நிலையும் உண்டு. சோர்வோ, விருப்பமின்மையோ, தூக்கக்கேடோ இரண்டு வாரத்துக்கு மேல் நாள்தோறும் நீடித்தால், படிப்பும் வேலையும் நின்றுபோனால், இல்லாத குரல் காதில் கேட்டால், அது மருத்துவரைக் காணவேண்டிய நிலை. நீரிழிவுக்கு மருந்து உண்டு என்பதுபோல் இதற்கும் மருந்து உண்டு. பேச்சு வழிச் சிகிச்சையும் உண்டு. 2015-16-இல் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் நடத்திய தேசிய மனநல ஆய்வில், வயது வந்தோருள் நூற்றுக்குப் பத்துப் பேருக்குமேல் ஏதேனும் ஒரு மனநோய்க்கு ஆளாகியிருந்தது தெரிந்தது. அவர்களுள் பெரும்பாலோர் சிகிச்சையே பெறவில்லை. தொலைவும் ஏழைமையும் காரணங்கள்தாம். அவற்றுக்கு இணையான காரணம் வெட்கம்.

வெட்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைத் தமிழ்நாடு ஒருமுறை கண்டது. 2001 ஆகஸ்டு 6 அன்று விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பற்றியது. அங்கிருந்த மனநோயாளிகள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். அதனால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். வழிபாட்டின்மேல் எனக்குக் குறை இல்லை. வில்லியனூர்த் திருக்காமீசுவரர் கோயிலிலும் மாதா கோயிலிலும் கண்ணீரை இறக்கிவைத்துவிட்டு நெஞ்சு இலேசாகித் திரும்புவோரை நான் அறிவேன். வேண்டுதலும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகை அல்ல. மருத்துவரைக் காண நாணி, நோயாளியை மறைத்து வைப்பதே பகை.

இன்று சட்டமும் நம் பக்கம் நிற்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்தது. மனநலச் சிகிச்சை பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்றும், நோயாளியின் செய்தி மறைவாகக் காக்கப்பட வேண்டும் என்றும், அவரைச் சங்கிலியால் கட்டுவது கூடாது என்றும் அது விதிக்கிறது. உயிரைப் போக்கிக்கொள்ள முயன்றவரைக் குற்றவாளியாகக் கருதாமல், கடுமையான மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதிப் பேணவேண்டும் என்றும் அது கூறுகிறது.

இந்தக் கடைசிச் செய்தி நமக்கு மிகவும் வேண்டியது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கின்படி, 2022-இல் இந்தியாவில் ஒரு லட்சம் மக்களுக்கு 12.4 பேர் தற்கொலையால் இறந்தார்கள். புதுச்சேரியில் அது 29.7. நாட்டின் அளவைவிட இரு மடங்குக்கும் மேல். இந்த எண்ணுக்குள் நம் ஊர்களும் இருக்கின்றன. நம்மோடு ஒரே பேருந்தில் சென்றவர்கள் இருக்கிறார்கள். ஒரு நண்பன் ‘நான் இருந்து என்ன பயன்?’ என்று சொன்னால், அதை விளையாட்டாக எண்ணிக் கடந்து போகாதீர்கள். ‘சாகவேண்டும் என்று தோன்றுகிறதா?’ என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஒளித்து வைத்திருந்ததைச் சொல்ல அவனுக்கு ஒரு வழி பிறக்கும். ஆம் என்றால் அவனைத் தனியே விடாதீர்கள். யாரிடமும் சொல்லாதே என்று அவன் வேண்டினாலும், நம்பத்தக்க பெரியவர் ஒருவரிடம் அன்றே சொல்லுங்கள். உயிரைக் காக்கும் பொருட்டு மீறிய வாக்கு, மீறிய வாக்கு ஆகாது.

யாரும் கிட்டாத நேரத்திலும் ஒரு வழி உண்டு. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் என்னும் அரசுத் தொலைபேசிச் சேவையின் எண் 14416. இரவும் பகலும், கட்டணம் இன்றி, தமிழில் பேசலாம். உங்கள் பாடப்புத்தகத்தின் முதல் பக்கத்தில் அந்த எண்ணை எழுதி வையுங்கள். உங்களுக்குத் தேவைப்படாமல் போகலாம். புத்தகத்தை இரவல் வாங்கும் நண்பனுக்குத் தேவைப்படலாம்.

மாணவ நண்பர்களே, மழைக்காலம் வருமுன் கலங்கலைச் செப்பனிடுவது ஊரார் கடமை. மழை கொட்டும் நள்ளிரவில் மண்வெட்டியோடு ஓடுவது கடினம். ஆகவே துன்பம் இல்லாத நாளிலேயே தொடங்குங்கள். எட்டு மணி நேரம் உறங்குங்கள். அரை மணி நேரம் வெயிலிலும் காற்றிலும் நடங்கள். நாளில் ஒருமுறையேனும் ஒருவரோடு முகம் பார்த்துப் பேசுங்கள். இன்று மாலை வீட்டில் பேச்சுக் குறைந்திருக்கும் ஒருவர் அருகே சென்று, ‘சாப்பிட்டாயா?’ என்று கேட்பதோடு நிறுத்தாமல், ‘எப்படி இருக்கிறாய்?’ என்றும் கேளுங்கள். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருங்கள்.